கித்தா மரத்தில் பால்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர் தோட்டங்களில் ஒரே மரத்துக்கு இரண்டு சொற்கள் வழங்கின. மரம் கித்தா. அதிலிருந்து இறங்குவது பால். 'கித்தாக் காட்டுல வேலை' என்பார்கள். 'மங்குல பால் நெறைஞ்சிருக்கு' என்பார்கள். மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் நிற்கும் வெள்ளைத் திரவத்தைக் கித்தா என்று எந்தப் பெரியவரும் என் காதுபடச் சொன்னதில்லை. பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரருக்கு மரமும் கெத்தா, அதன் சாறும் கெத்தா. சாற்றைத் தனியாகக் குறிக்க வேண்டுமென்றால் 'சூசு கெத்தா', அதாவது கெத்தாவின் பால் என்பார். தோட்டத் தமிழர்களான நம்மவர்கள் மரத்தின் பெயரைக் கடன் வாங்கினார்கள், சாற்றின் பெயரை வாங்கவில்லை. எதை வாங்கினார்கள், எதை வாங்காமல் விட்டார்கள் என்று பார்த்தால் அவர்கள் அந்தத் திரவத்தை எவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்பது தெரியும்.

முதலில் வாங்கிய சொல். மலாயில் கெத்தா என்பது ரப்பருக்கென்று பிறந்த பெயர் அல்ல. மரத்தைக் கீறினால் வடியும் பிசுபிசுப்பான எதுவும் கெத்தாதான். பலாவின் பிசினும் கெத்தா, ஜெலுத்தோங் மரத்தின் சாறும் கெத்தா. 1843இல் சிங்கப்பூரில் இருந்த வில்லியம் மான்ட்கமரி என்ற மருத்துவர், மலாய்க்காரர்கள் கத்திப் பிடிக்குப் பயன்படுத்திய கெத்தா பெர்ச்சா என்ற மரப்பிசினின் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஐரோப்பாவில் அது 'குட்டா பெர்ச்சா' ஆயிற்று. 1851இல் டோவருக்கும் காலேவுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையாக இருந்தது அந்தப் பிசின்தான். இன்றும் பல் மருத்துவர் வேர்க்குழியை அடைக்க அதையே பயன்படுத்துகிறார். பிரேசிலின் ரப்பர் மரம் 1877இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றில் ஒன்பது பேராக்கின் கோல கங்சாரில் நடப்பட்டபோது, வந்தேறி மரத்துக்கு மலாய்க்காரர்கள் தங்கள் பழைய சொல்லையே கொடுத்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் வணிகத் தோட்டத்தைப் போட்டார். அதன்பின் காப்பித் தோட்டங்களாக இருந்த சுங்கை ஊஜோங் பக்கத்து மேடுகளும் ரப்பருக்கு மாறின.

அந்தச் சொல் தமிழர் வாயில் எப்படிக் கித்தா ஆனது? ஆங்கிலத்தின் 'குட்டா' வழியாக வந்திருக்க முடியாது. ஆங்கிலத்தின் 't' ஒலியை நாம் பெரும்பாலும் டகரமாகத்தான் வாங்குவோம்: டிக்கெட், மீட்டர், லாட்டரி. மலாயின் 'த' பல்லில் நா படும் ஒலி. அது தமிழில் தகரமாகவே இறங்கும். கித்தாவில் இருப்பது 'த்த', 'ட்ட' அல்ல. ஆக, மலாய்க்காரர் வாயிலிருந்து நேரே வந்த சொல். அடுத்தது முதல் எழுத்து. மலாயில் அந்த இடத்தில் இருப்பது அகரமும் அல்லாத, எகரமும் அல்லாத ஒரு மங்கிய உயிரொலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. பல இடங்களில் நம்மவர்கள் அதை இகரமாக்கினார்கள். மலேசிய வரைபடத்தைத் தமிழில் படித்தாலே இது விளங்கிவிடும்: சிலாங்கூர், சிரம்பான், கிள்ளான். மூன்றிலும் மலாயில் இருப்பது அதே மங்கிய உயிர்தான். கிள்ளானைக் கவனியுங்கள். முதல் உயிர் இகரமாகிறது, அடுத்த மெய் இரட்டிக்கிறது, கடைசி உயிர் நீள்கிறது. கித்தா அச்சு அசல் அதே வார்ப்பு. தகரம் இரட்டித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் உயிர்களுக்கு நடுவே நின்று மெலிந்து வேறொரு சொல்லாகிவிடும். சிரம்பானில் மெய் இரட்டிக்காததற்குக் காரணம், ரகரம் தமிழில் இரட்டிப்பதில்லை.

இதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்கள் பலர் மினாங்கபாவ் வழியினர்; அவர்களுடைய பேச்சில் இந்த மங்கிய உயிர் ஒகரமாகும். பெரியது என்பதற்கான 'பெசார்' அங்கே 'பொசா'; கெத்தா அங்கே 'கொத்தா'. தமிழர்கள் இந்தச் சொல்லை ரெம்பாவிலோ கோலப்பிலாவிலோ கற்றிருந்தால் இன்று 'கொத்தாக் காடு' என்று சொல்லிக்கொண்டிருப்போம். சொல்லவில்லை. பினாங்கு, மலாக்கா, கிள்ளான் பக்கத்து மலாயில் கற்றுக்கொண்ட சொல்லைக் கையோடு கொண்டுவந்துதான் நெகிரி செம்பிலானின் மரநிரைகளுக்குள் நுழைந்தார்கள் என்பதே என் முடிவு. கப்பல் இறங்கிய துறையிலிருந்து லிங்கி, லாபு, ரந்தாவ் வரைக்குமான அவர்களின் நடைவழி அந்த ஒரு இகரத்தில் பதிந்திருக்கிறது. முரட்டுத் துணியைக் குறிக்கும் கித்தான் என்ற சொல்லோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வேறு குடும்பம்.

இனி வாங்காத சொல். பால் என்பதை வாங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கப்பலேறும் முன்பே அவர்களிடம் கள்ளிப்பால் இருந்தது, எருக்கம்பால் இருந்தது, ஆலம்பால், அத்திப்பால், பலாப்பால் இருந்தன. கதிர் முற்றும் முன் 'பால் பிடிச்சிருக்கு' என்று வயலில் சொன்னவர்கள் அவர்கள். கீறினால் வெள்ளையாக வடியும் மரத்தைப் பார்த்ததும் பெயர் தானாக வந்துவிட்டது. ஆலம்பாலிலும் சிறிதளவு ரப்பர்த் துகள் உண்டு என்பதால், முதல் நாளே அவர்கள் சொன்னது வேதியியல்படியும் சரி. பால்மரம் என்ற பெயர் பின்னாளில் இலக்கியத்திலும் ஏறியது. மலேசியத் தோட்ட வாழ்வை வைத்து எழுதிய நாவலுக்கு அகிலன் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயர் வைத்தார். இலங்கையின் சிங்களத் தொழிலாளர் அதைக் 'கிரி' என்றார்கள். கிரி என்றால் பால். கேரளத்திலும் பால்தான். ஒருவரையொருவர் கேட்காமலே இத்தனை பேர் ஒரே பெயரை வைத்தது பொருளின் தன்மையால்.

மாட்டின் பாலும் மரத்தின் பாலும் நிறத்தில் மட்டும் ஒன்றல்ல, அமைப்பிலும் ஒன்று. இரண்டும் கரைசல்கள் அல்ல. சர்க்கரை நீரில் கரைவதுபோல் ரப்பர் கரைந்திருக்கவில்லை. நீரில் கோடிக்கணக்கான நுண் உருண்டைகள் தனித்தனியாக மிதக்கின்றன; அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெண்மை. புதிதாக இறங்கிய பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ரப்பர். உருண்டைகளின் குறுக்களவு 20, 30 நானோமீட்டரில் தொடங்கி 3 மைக்ரான் வரை போகும். எண்ணிக்கையில் மிகப் பெரும்பாலானவை குட்டி உருண்டைகள். எடையில் மிகுதி பெரிய உருண்டைகளுடையது. இன்றைய மொழியில் சொன்னால் தோட்டத்து மங்கு ஒவ்வொன்றிலும் நானோ துகள்கள் நிறைந்திருந்தன.

இந்த வகைப் பொருளுக்குத் தாமஸ் கிரஹாம் 1861இல் 'கொலாய்டு' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'கொல்லா' என்றால் பசை. நம் பாடநூல்கள் அதைக் கூழ்மம் என்கின்றன. நல்ல சொல்தான். ஆனால் கூழ் என்பது ஏற்கெனவே கெட்டிப்பட்ட நிலை. துகள் பிரிந்து நிற்பதா சேர்ந்து நிற்பதா என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் இடம் இல்லை. தோட்டத்துப் பேச்சில் அந்த இடம் இருந்தது. பால் என்ற ஒற்றைப் பெயரோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கட்டிப்பால், ஒட்டுப்பால், கோட்டுப்பால் என்று அந்தப் பாலின் நிலைகளுக்கெல்லாம் பெயர் வைத்தார்கள்.

விடிகாலையில் மரத்தடிக்கு வந்தவுடன் பால் வெட்டுபவர் செய்யும் முதல் வேலை வெட்டுவது அல்ல. நேற்றைய வெட்டுக் கோட்டின்மேல் காய்ந்திருக்கும் மெல்லிய ரப்பர் நாடாவை ஒரு நுனியில் நகத்தால் கிளப்பி, கோடு முழுவதும் உருவி எடுக்க வேண்டும். அது கையில் இழுபட்டு நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும். அதுதான் கோட்டுப்பால். பிறகு மங்கின் அடியில் தங்கி உறைந்ததைத் தோண்டி எடுத்துப் பையில் போட வேண்டும், அது கட்டிப்பால். பட்டையிலும் மங்கின் விளிம்பிலும் பிடித்துக்கொண்டதைச் சேர்த்து ஒட்டுப்பால் என்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் இந்தப் பெயர்களின் எல்லை சற்று நகரும். கேரளத்திலும் ஒட்டுபால் என்றே பெயர். அங்கே நாளிதழ்களின் விலைப் பட்டியலில் அது தனி வரியாக வரும். இவற்றையெல்லாம் எடுத்த பிறகுதான் உளி பட்டையில் படும். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சீவல்; உள்ளிருக்கும் வளர்படையைத் தொட்டுவிடக் கூடாது. சீவிய கோட்டில் முதலில் வெள்ளைப் புள்ளிகள் முத்து முத்தாக நிற்கும். பிறகு அவை ஒன்றுகூடி வழிந்து, தகரத் துண்டின் வழியே மங்கில் சொட்டும்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் சொட்டுவது நிற்கும். ஏன் நிற்கிறது என்ற கேள்விக்குக் கோட்டுப்பாலே விடை. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் தொடங்கப்பட்டது. அங்கே 1960களில் பணியாற்றிய சதர்ன் என்ற ஆய்வாளர் இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார். ரப்பர் உருண்டை ஒவ்வொன்றையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய தோல் மூடியிருக்கிறது. அந்தத் தோலில் எதிர்மின்னேற்றம். எல்லாவற்றிலும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அதனால்தான் அது பால். பட்டைக்குள் பால் ஓடும் அதே நுண்குழாய்க்குள் லூட்டாய்டு என்ற வேறு வகை நுண்பைகளும் மிதக்கின்றன. அவற்றினுள்ளே அமிலத்தன்மையும் நேர்மின்னேற்றம் கொண்ட புரதங்களும் இருக்கின்றன. உளி பட்டதும் குழாயின் அழுத்தம் சட்டென்று இறங்க, அந்தப் பைகள் உடைகின்றன. உள்ளிருந்தவை வெளியே வந்து ரப்பர் உருண்டைகளின் மின்னேற்றத்தை ஆற்றிவிடுகின்றன. தள்ளி நின்றவை ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டலே காயத்தை அடைக்கும் மூடி. விடிகாலையில் வெட்டுவதும் இதே கணக்குக்காகத்தான்: வெயில் ஏறும் முன் மரத்துக்குள் நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும், அடைப்பு விழுவதற்குள் நிறைய இறங்கிவிடும். பின்னாளில் பட்டையில் தடவிய எத்திபோன் மருந்தும் அடைப்பைத் தாமதப்படுத்தித்தான் பாலைக் கூட்டியது.

ஆக, ஒட்டுப்பால் என்ற பெயரில் இருக்கும் 'ஒட்டு' வெறும் பட்டையில் ஒட்டிக்கொண்டது என்ற பொருளோடு முடியவில்லை. உருண்டையோடு உருண்டை ஒட்டியதும் அதில் அடங்கும். பெயர் வைத்தவர்கள் நுண்ணோக்கி பார்த்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கூலி அந்த வேறுபாட்டில் இருந்தது. பால் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி வாளியை நிறுத்து, மெட்ரோலாக் மிதவையைப் போட்டு ரப்பர் அளவைப் பார்ப்பார். ஒட்டுப்பால் தனியாக நிறுக்கப்படும். அதற்கு விலை குறைவு. திரவமாக இருக்கும்வரை ஒரு மதிப்பு, கட்டிவிட்டால் வேறு மதிப்பு. மழைக் காலத்திலும் அழுக்கு மங்கிலும் பால் வழியிலேயே திரியும். நுண்ணுயிர்கள் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குவதே காரணம். தோளில் சுமக்கும் காண்டாவில் தொங்கும் வாளிக்குள் கட்டி விழுவதைக் கண்ட பெண்ணுக்கு நானோ துகள்கள் சேரும் வேகம் கூலிக் கணக்காகத் தெரியும். அதைத் தடுக்கத்தான் அமோனியா.

கொட்டகையில் தலைகீழ்ப் பாடம். அங்கே கட்ட வேண்டும். பாலை வடிகட்டி, நீர் கலந்து, தொட்டியில் ஊற்றி, பார்மிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள். புதுப்பாலின் அமிலக் குறியீடு (pH) ஏறக்குறைய 6.5 முதல் 7. அது 5க்கு அருகே இறங்கும்போது உருண்டைத் தோலின் மின்னேற்றம் அற்றுப்போகிறது, பால் முழுதும் ஒரே பாளமாகக் கட்டுகிறது, மிச்சம் தெளிந்த நீர். அந்த அமிலத்தின் பெயர் லத்தீனில் எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முதலில் எறும்பிலிருந்துதான் எடுத்தார்கள். இங்கே ஓர் ஆச்சரியம் உண்டு. அமிலத்தை அளவுக்கு மிக அதிகமாக ஒரேயடியாகக் கொட்டினால் பால் கட்டாமலே போகக்கூடும். மின்னேற்றம் பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் போய், உருண்டைகள் எல்லாம் நேர்மின்னேற்றம் பெற்று மீண்டும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். ஒட்டுவதற்கு நடுவில் ஓர் ஒடுங்கிய இடம் மட்டுமே இருக்கிறது.

எல்லாச் சேர்க்கையும் ஒரே மாதிரி அல்ல. பாலைக் கெட்டியாக்க இன்னொரு வழி உண்டு: கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டையோ, புளியங்கொட்டைத் தூளையோ கலந்து நிற்க விடுவது. உருண்டைகள் தளர்வாகக் கூட்டம் சேர்ந்து, நீரைவிட இலேசானவை என்பதால், மேலே ஏடாக மிதக்கும். அந்த ஏட்டில் நீர் விட்டுக் கலக்கினால் உருண்டைகள் திரும்பப் பிரியும். கட்டிப்பாலை எவ்வளவு கலக்கினாலும் பிரியாது. ஒன்று கூடி நிற்பது, மற்றது கட்டிப்போனது.

நானோ கலப்புப் பொருள்களைச் செய்பவர்களின் தலைவலி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தைப் பத்து நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால், 6 சதுர சென்டிமீட்டராக இருந்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகும். அவ்வளவு பரப்பும் பக்கத்திலுள்ளதைப் பற்றிக்கொள்ளத் துடிக்கும். அப்படிப்பட்ட தூளை உலர்ந்தபடியே திரவப் பிசினிலோ ரப்பர்ப் பாலிலோ கொட்டினால், அது நானோ துகளாகப் பரவாமல் உருண்டு கட்டியாகிவிடும். கட்டி இருக்கும் இடத்தில் பொருள் விரிசல் விடும். டயரின் கருப்புக்குக் காரணமான கரித்தூளிலும் இதே கதை. சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் உலையிலேயே ஒன்றோடொன்று உருகி இணைந்துவிடுகின்றன. அந்தக் கொத்துகள் பிறகு தளர்வாகக் கூடுகின்றன. கலவை இயந்திரம் தளர்வான கூட்டத்தைப் பிரிக்கும், உருகி இணைந்ததைப் பிரிக்காது. நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறது. இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலிகளை வெட்டித் திரவ ரப்பராக்கி, கார்பன் நானோ குழாய்களை முதலில் அதில் கேளாஒலி அதிர்வால் பிரித்துப் பரப்பி, பிறகு நெகிழியோடு கலக்கிறார்கள். குறைந்த அளவில் குழாய்கள் பரவி நிற்கின்றன, வலு கூடுகிறது. அளவு மிஞ்சினால் சுருண்டு கட்டுகின்றன, வலு இறங்குகிறது.

பிரிக்கக்கூடிய கூட்டம், பிரிக்க முடியாத கூட்டம் என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் இருந்தும் நெடுநாள் ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதிக் குழப்பினார்கள். 2008இல் பன்னாட்டுத் தர அமைப்பு நானோ துகளுக்கான சொற்களை வரையறுத்தபோது இந்த வேறுபாட்டையும் எழுத்தில் வைத்தது. தமிழில் எழுதும்போது இரண்டையும் 'திரட்சி' என்று மொழிபெயர்த்து முடித்துவிடுகிறோம். இது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் சொல் நம்மிடம் இருந்தது. பிரிக்க முடியாததற்குக் கட்டி, வினையாக, கட்டுதல். பரப்பில் பிடித்துக்கொண்டதற்கு ஒட்டு. கட்டியாகும் முன் நடுநிலையில் திரிதல். தளர்ந்து கூடி மிதப்பதற்கு ஏடு. பரவி நிற்பதற்குப் பால், அல்லது பால்நிலை. இவற்றில் எதையும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

சிரம்பானைச் சுற்றிய கித்தாக் காடுகள் பலவும் செம்பனைக்கு மாறின. நீலாய்ப் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. செம்பனையில் குலை வெட்டலாம், பால் வெட்ட முடியாது. அதனால் கோட்டுப்பால், கட்டிப்பால் என்ற சொற்கள் அந்தப் பக்கத்து வேலையிடங்களில் இனி அதிகம் தேவைப்படாது. அவை போகக்கூடிய ஒரே புது இடம் ஆய்வுக்கூடம். பாங்கியிலோ சென்னையிலோ நானோ கலப்புப் பொருள் பற்றித் தமிழில் ஆய்வுக் குறிப்பு எழுதும் மாணவர் ஒருவர் 'குழாய்கள் முதலில் ஏடாகக் கூடின, அதிர்வு கொடுத்ததும் பால்நிலைக்கு வந்தன, அளவைக் கூட்டியபோது திரிந்து கட்டின' என்று எழுதலாம். ரந்தாவ் பக்கத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய ஒரு அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினால், எந்தக் கட்டத்தில் அமோனியா ஊற்றியிருக்க வேண்டும் என்று அவர் கேட்பார்.